உயிர் நண்டு: வாங்கியதிலிருந்து சமைக்கும் வரை எப்படி வைத்திருப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்டு நீரில் வாழ்கிற உயிர்தானே, வாளித் தண்ணீரில் விட்டு வைத்தால் என்ன?

செத்துப்போகும். வீட்டில் நண்டு சாவதற்கு முதல் காரணமே இந்த வாளிதான். கேடு மூன்று பக்கமிருந்து வருகிறது.

முதலாவது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கடல் நண்டின் உடலுக்குள் ஓடும் திரவமும் ஏறக்குறைய அதே அளவு உப்பானது. அதை நல்ல தண்ணீரில் போட்டால் செவுள் வழியாக நீர் உள்ளே ஏறும், உப்பு வெளியே கசியும். நண்டு தளர்ந்து, சதையும் நீர் கோத்துப் போகும். இரண்டாவது குளோரின். குழாய் நீரில் கிருமியைக் கொல்லப் போடுகிற அந்த மருந்து செவுளின் மெல்லிய தோலையும் அரிக்கும்.

மூன்றாவது ஆக்சிஜன். சரியான கடல்நீரையே கொண்டுவந்து ஊற்றினாலும் இந்தச் சிக்கல் தீராது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 7 அல்லது 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல். கடலில் அலையும் ஓட்டமும் புது நீரைக் கொண்டுவந்தபடி இருக்கும். வாளியில் நிற்கிற நீரில் நாலு நண்டுகள் கிடந்தால் இருக்கிற ஆக்சிஜனைச் சீக்கிரமே தீர்த்துவிடும். போதாததற்கு அவை வெளிவிடும் அம்மோனியாவும் அதிலேயே சேரும். ‘ராத்திரி உயிரோடு இருந்தது, காலையில் எல்லாம் மல்லாந்து கிடந்தது’ என்பவர்களிடம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வாளி அல்லது குளியல் தொட்டி.

கழிமுகத்துச் சேற்று நண்டு உப்புக் குறைவை ஓரளவு தாங்கும். குளோரினையும் மூச்சுத்திணறலையும் அதனாலும் தாங்க முடியாது.

நீரே இல்லாமல் எப்படி மூச்சு விடும்?

ஓட்டுக்கு அடியில் இருபுறமும் பஞ்சுபோல அடுக்கடுக்காக இருக்கிறதே, அதுதான் செவுள். அது ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஈரம் காய்ந்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். ஆகவே அதற்கு வேண்டியது ஈரம், காற்று, மிதமான குளிர்ச்சி. கீழே வருகிற பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் சுற்றித்தான்.

வாயருகே நுரை தள்ளுவதும் இதனால்தான். செவுள் அறையில் மிச்சமிருக்கும் நீரைக் காற்றோடு கலந்து திரும்பத் திரும்பச் சுற்றவிடும்போது குமிழி வரும். கொஞ்சம் குமிழி இருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். நுரை கெட்டியாகி முகத்தையே மூடினால் உடலில் ஈரம் குறைகிறது என்று பொருள். மேலே போட்ட துணியை நனைத்துவிடுங்கள்.

சரி, எப்படித்தான் வைப்பது?

விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, டிரே அல்லது அகலமான பேசின் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நாலைந்து மடிப்பாக நனைத்துப் பிழிந்த செய்தித்தாளோ சணல் சாக்கோ போடுங்கள். அதன்மேல் நண்டுகளை வயிறு கீழே இருக்கும்படி, இயல்பாக நடக்கிற நிலையில் அடுக்குங்கள். ஒரே அடுக்கு நல்லது. இடமில்லையென்றால் இரண்டு அடுக்கு. அதற்குமேல் போனால் அடியில் இருப்பவை நசுங்கும், கால் உடையும். மேலே இன்னொரு ஈரத்துணியைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

துணியை நனைக்க உப்புநீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய இரண்டு மேசைக்கரண்டி. கல்லுப்பு இருந்தால் அதுவே போதுமானது. அவசரத்துக்கு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் பழுதில்லை. முக்கியமானது பிழிவதுதான். கையால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. தட்டின் அடியில் நீர் தேங்கினால் நண்டு அதில் கிடந்து, பழைய வாளிக் கதைதான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, தேங்கியதை வடித்துவிட்டு, துணி காய்ந்திருந்தால் நனைத்துவிடுங்கள்.

மூடி போட்ட டப்பா, வாய் கட்டிய பிளாஸ்டிக் பை இரண்டும் கூடாது. கடையில் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கிய கையோடு வாயைத் திறந்து விடுங்கள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லையென்றால் பையையே கிழித்துவிடலாம்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சில மணி நேரத்துக்கு வைக்கலாம். ஆனால் எந்த நண்டு என்று பார்க்க வேண்டும்.

குளிர்கடல் நண்டுகளுக்கு 4 முதல் 8 டிகிரி செல்சியஸ் பழகிய குளிர்தான். வெப்பக்கடல் நண்டுகள் அப்படியல்ல. சேற்று நண்டுக்கு 16 முதல் 20 டிகிரி வரை சுகமான குளிர்ச்சி. 10 டிகிரிக்குக் கீழே போனால் மரத்துப் போகும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் ஓர் இரவு முழுக்கக் கிடந்தால் மரத்தது மரத்தபடியே சாகவும் கூடும். அதனால் சமைக்க நாலைந்து மணி நேரம்தான் இருக்கிறதென்றால் ஃபிரிட்ஜின் காய்கறி அறையில் வைக்கலாம், அங்கே குளிர் சற்றுக் குறைவு. மறுநாள் வரை உயிரோடு வேண்டுமென்றால் சேற்று நண்டை ஈரச் சாக்கோடு வீட்டின் மிகக் குளிர்ந்த, வெயில் படாத மூலையில் வையுங்கள். அந்த மூலையும் 25 டிகிரிக்கு மேல் சுடுகிறதா? ஐஸ் பெட்டிக்குப் போய்விடுங்கள், அடுத்த கேள்வியில் வருகிறது.

ஃபிரிட்ஜில் வைக்கிறபோது இன்னொன்று. நண்டிலிருந்து வடிகிற நீரில் கடல் கிருமிகள் இருக்கும். காய்கறி அறை இல்லாத ஃபிரிட்ஜில் எல்லாவற்றுக்கும் கீழ்த்தட்டில், விளிம்புள்ள பாத்திரத்தில் வையுங்கள். மேல்தட்டில் வைத்து அது கீழே இருக்கிற சமைத்த உணவில் சொட்டினால், நண்டை எவ்வளவு நன்றாக வேகவைத்தும் பயனில்லை. காய்கறி அறையில் வைத்தால் பச்சையாகச் சாப்பிடுகிற எதையும் அதில் விட்டு வைக்க வேண்டாம்.

தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். ஐஸ் பெட்டியில் எப்படி அடுக்குவது?

ஐஸ் நேரடியாக நண்டைத் தொடக் கூடாது. உருகினால் அதுவும் நல்ல தண்ணீர்தான். தெர்மோகோல் பெட்டி அல்லது கூலரின் அடியில் ஐஸ் பையோ, தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலோ வையுங்கள். அதன்மேல் தடித்த துணி அல்லது இரண்டு விரல் கனத்துக்குச் செய்தித்தாள். பிறகு நண்டு, மேலே ஈரத்துணி. ஐஸ் கட்டிகளைக் கொட்டுவதைவிடப் பாட்டில் நல்லது. உருகினாலும் நீர் உள்ளேயே இருக்கும்.

மூடியை இறுக்கிவிடாதீர்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், அல்லது பக்கவாட்டில் பென்சில் கனத்தில் நாலைந்து துளை போடலாம். வடிகால் துளை இருக்கிற கூலராக இருந்தால் திறந்தே வையுங்கள். கார் டிக்கியிலும் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும் இருக்கிற சூடு ஐஸ் பெட்டியையும் சீக்கிரம் தோற்கடித்துவிடும். ஆட்கள் உட்காருகிற இடத்திலேயே காலடியில் வைத்துக்கொள்வது மேல்.

எத்தனை நேரம் தாங்கும்?

இனத்தைப் பொறுத்தது. சேற்று நண்டு முரட்டு ஆள். கொடுக்கைக் கட்டி, ஈரமாக, 20 டிகிரியை ஒட்டி வைத்தால் மூன்று நாலு நாள்கூட உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, சதைப்பிடிப்போடு இருப்பது வேறு. பட்டினி கிடக்கிற ஒவ்வொரு நாளும் உடலிலிருந்து நீரும் சத்தும் குறையும். ஓட்டுக்குள் சதை சுருங்கும். இரண்டாம் நாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது.

நீலக்கால் நண்டு போன்ற நீந்தும் நண்டுகள் அப்படி இல்லை. நீரைவிட்டு வந்த சில மணி நேரத்திலேயே தளரத் தொடங்கும். வாங்கிய அன்றே சமையல், வேறு வழியில்லை. இந்த நண்டு கடையில் பெரும்பாலும் உயிரில்லாமல் ஐஸில் கிடப்பதும் அதனால்தான். குளிர்கடல் நண்டுகளை ஃபிரிட்ஜில் ஈரத்துணியோடு ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு நாள் வைக்கலாம்.

வாங்கும்போதே நல்ல நண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தூக்கிப் பாருங்கள். காலும் கொடுக்கும் உடலை ஒட்டி விறைப்பாக நிற்க வேண்டும், துணிபோலத் தொங்கினால் வேண்டாம். கட்டாத நண்டென்றால் குச்சியால் மல்லாத்திவிட்டுப் பாருங்கள். தெம்புள்ளது உடனே புரண்டு எழப் பார்க்கும்.

பிறகு எடை. ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் ஏந்தினால் ஒன்று கனக்கும், ஒன்று லேசாக இருக்கும். லேசானது அண்மையில் ஓடு கழற்றியது. புது ஓடு பெரிது, உள்ளே சதை இன்னும் வளரவில்லை, இடைவெளியை நீர்தான் நிரப்பியிருக்கும். வெந்தபின் உடைத்தால் தண்ணீராக ஊற்றும். அடிப்பக்க ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே அமுங்கினால் அது தண்ணி நண்டு. அப்பழுக்கில்லாமல் பளபளவென்று இருக்கிற ஓட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். கொஞ்சம் அழுக்கும் கீறலும் பாசியும் பிடித்த பழைய ஓட்டுக்குள்தான் சதை நிறைந்திருக்கும்.

வயிற்று மடலுக்கு வெளியே முட்டைக் கொத்தைச் சுமந்திருக்கிற பெண் நண்டை வாங்காமல் விடுவதே முறை. பல இடங்களில் அதைப் பிடிப்பதற்குத் தடையும் உண்டு.

அசையாமல் கிடக்கிறது. செத்ததா, மயங்கியதா?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த நண்டு கல்லாகக் கிடந்தால் உடனே தூக்கி எறிய வேண்டாம். குளிரில் மரத்திருக்கலாம். வெளியே, நிழலில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அதற்குப்பின் முதலில் கண்ணைப் பாருங்கள். கண் ஒரு சிறு காம்பின் நுனியில் இருக்கும். பல்குச்சியின் மழுங்கிய முனையால் அதை லேசாகத் தொட்டால், உயிருள்ள நண்டு சட்டென்று காம்பை மடக்கிக் குழிக்குள் இழுத்துக்கொள்ளும். அடுத்தது வாய். கதவுபோல இரண்டு தகடுகள் மூடியிருக்கும், அவற்றின் ஓரத்தில் மெல்லிய இழைகள் துடிக்கும், ஈரம் மினுங்கும். டார்ச் அடித்து அரை நிமிடம் பார்த்தால் தெரியும். மூன்றாவது வயிற்று மடல். விரல் நகத்தால் அதன் நுனியைத் தூக்கிப் பார்த்தால் உயிருள்ளது திரும்ப இறுக்கி மூடும். செத்ததில் மடல் தூக்கிய இடத்திலேயே நிற்கும் அல்லது தளர்ந்து விழும்.

மூன்றும் இல்லையென்றால் செத்துவிட்டது. மோந்து பார்த்து முடிவு செய்வது தாமதம். அம்மோனியா நெடி வருகிற நேரத்தில் கெடுதல் வெகுதூரம் போயிருக்கும்.

செத்த நண்டைச் சமைக்கக் கூடாதா? இப்போதுதானே செத்தது?

எப்போது செத்தது என்று தெரியாத நண்டைச் சமைக்காதீர்கள். காரணம் வெறும் அருவருப்பு இல்லை.

ஓட்டின் நடுவே மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒரு குழம்பு இருக்கும். ஈரலும் கணையமும் செய்கிற வேலையை அது ஒன்றே செய்கிறது. இரையைச் செரிக்கிற வீரியமான நொதிகள் அதில் நிறைய. உயிர் போனதும் அவை தங்கள் பைக்குள் நிற்காது. சுற்றியிருக்கிற சதையையே செரிக்கத் தொடங்கும். செத்த நண்டின் சதை நார் நாராக வராமல் மாவாகக் குழைவதற்கு இதுதான் காரணம். கூடவே விப்ரியோ போன்ற கடல் பாக்டீரியாக்கள் பெருகும். சூடான இடத்தில் அவை நிமிடக் கணக்கில் இரட்டிக்கக் கூடியவை. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும் என்பது உண்மைதான். சில பாக்டீரியாக்கள் ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சு கொதியிலும் அழியாது என்பதும் உண்மை.

உங்கள் கண் முன்னாலேயே, குளிரில் இருந்தபோது செத்தது என்றால் நிலைமை வேறு. அதே நிமிடம் ஓட்டைப் பிரித்து, அந்த மஞ்சளையும் செவுளையும் நீக்கி, கழுவி, நேரே அடுப்பில் ஏற்றிவிடலாம். ‘ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்’ என்கிற நண்டு குப்பைக்குத்தான். காசு போட்டு வாங்கியதை எறிய மனம் வராது, புரிகிறது. வயிற்றுப்போக்கோடு இரண்டு நாள் படுப்பதற்கு அதைவிட அதிகம் செலவாகும்.

சாக்கில் பத்து நண்டு இருந்து ஒன்று செத்திருந்தால் அதை உடனே வெளியே எடுங்கள், சாக்கையும் மாற்றுங்கள். அது கசியவிடுகிற நீர் மற்றவற்றையும் கெடுக்கும்.

கொடுக்கில் கட்டியிருக்கிற கயிற்றை எப்போது அவிழ்ப்பது?

கொன்ற பிறகு. அதற்கு முன் வேண்டாம். கட்டு உங்கள் விரலுக்கு மட்டுமல்ல, மற்ற நண்டுகளுக்கும் காவல். அவிழ்த்துவிட்ட சேற்று நண்டுகளை ஒரே பாத்திரத்தில் வைத்தால் ஒன்றன் காலை ஒன்று பிய்த்துவிடும். பெரிய சேற்று நண்டின் கொடுக்கு சிப்பியை நொறுக்குவதற்கென்றே வளர்ந்தது. விரல் எலும்பு அதற்குப் பெரிய வேலை இல்லை.

கட்டில்லாத நண்டைத் தூக்கவேண்டுமானால் பின்பக்கமாகப் போங்கள். கடைசிக் கால்கள் இரண்டுக்கும் இடையே, கட்டை விரல் ஓட்டின் மேலும் மற்ற விரல்கள் அடியிலுமாகப் பிடித்தால் கொடுக்கு அங்கே எட்டாது. நீளமான இடுக்கி இருந்தால் இன்னும் நல்லது.

கவ்விவிட்டதா? இழுக்காதீர்கள், உதறாதீர்கள். இழுக்க இழுக்க இறுக்கும். கையோடு நண்டைத் தரையில் அல்லது நீருக்குள் வைத்து அசையாமல் இருங்கள். தப்பிக்க வழி தெரிந்தால் பெரும்பாலும் அதுவே விட்டுவிட்டு ஓடும். சில நேரம் கொடுக்கை மட்டும் கழற்றி உங்கள் விரலிலேயே விட்டுவிட்டுப் போகும். கழன்ற கொடுக்கும் கவ்வியபடியே இருக்கும். கொடுக்கின் அசையக்கூடிய பகுதியைக் குறடால் பிடித்துப் பின்பக்கமாக விரியுங்கள். தோல் கிழிந்திருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற நீரில் நன்றாகக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால், முக்கியமாக நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவர்களுக்கு, அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். விப்ரியோ புண் வழியாகவும் புகும், வேகமாகப் பரவும்.

கொதிக்கிற நீரில் போட்டதும் கால்களெல்லாம் உதிர்ந்துவிட்டன. ஏன்?

ஆபத்து வந்தால் காலைத் தானே கழற்றிக்கொள்வது நண்டின் தற்காப்பு. ஒவ்வொரு காலின் அடியிலும் அதற்கென்று ஒரு வெட்டுக்கோடு இருக்கிறது. உயிரோடு கொதிநீரில் விழுகிற நண்டு துடித்துக் கால்களை உதிர்க்கும். அந்தத் துளைகள் வழியாகச் சாறு வெளியேறும், வெந்நீர் உள்ளே புகும், சதை சக்கையாகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்தாலும் உதிரும். ஆகவே முதலில் குளிர்வித்து உணர்விழக்கச் செய்துவிட்டுத்தான் அடுப்பு. அதுவே நண்டுக்கும் வேதனை குறைந்த வழி.

குளிர்வித்துக் கொல்வது எப்படி?

ஒரு பெரிய பாத்திரத்தில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு உப்புநீர் (அதே லிட்டருக்கு 35 கிராம் கணக்கு). கூழ்போல இருக்க வேண்டும். நண்டு முழுக்க மூழ்கும்படி வைத்து, குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் இருந்தால் 30 முதல் 40 நிமிடம். ஐஸ் உருகிவிட்டால் இன்னும் போடுங்கள், உப்பும் ஒரு சிட்டிகை கூட்டுங்கள். ஐஸ் இல்லையென்றால் ஃபிரீசரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. அதற்குமேல் விட்டால் கால் நுனி உறைந்துவிடும், சதையின் பதம் கெடும்.

வாளித் தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டு இப்போது மூழ்கடிக்கச் சொல்கிறோமே என்றால், இது சேமிப்பு இல்லை, கடைசிக் கட்டம்.

கண்ணைத் தொட்டாலும் மடலைத் தூக்கினாலும் அசைவில்லை என்று பார்த்தபின் மல்லாத்துங்கள். நண்டுக்கு நரம்பு மையம் இரண்டு. ஒன்று வயிற்று மடலுக்கு அடியில். மடலைத் தூக்கினால் நடுவில் ஒரு சிறு குழி தெரியும். உறுதியான கூர்முனைக் கத்தி அல்லது கூர்மையான ஆணிபோன்ற கருவியை அதில் ஏறக்குறைய நேர்க்குத்தாக இறக்கி, இப்படியும் அப்படியும் அசையுங்கள். இரண்டாவது முன்பக்கம், கண்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், கருவியைச் சற்றுச் சாய்த்து. இரண்டையும் பத்து விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். நண்டைப் பிடிக்கிற கை கத்தியின் வழியில் இருக்கக் கூடாது.

குத்தியதும் வடிகிற நீர் சிவப்பாக இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். நண்டின் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. நிறமில்லாமலோ, காற்றுப்பட்டால் இளநீலமாகவோதான் தெரியும்.

எப்போது கழுவ வேண்டும்?

கொன்ற பிறகு. வாங்கி வந்ததும் சேற்றைப் பார்த்துக் குழாயடியில் தேய்க்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். ஓட்டில் சேறு இருந்தால் நண்டுக்கு ஒன்றும் ஆகாது. குளிர்வித்துக் கொன்றபின் ஓடுகிற நீரில் பிரஷ்ஷால் கால் இடுக்கு, கொடுக்கின் மடிப்பு, வயிற்று மடலின் உள்பக்கம் மூன்றையும் தேய்த்தால் போதும். பிறகு ஓட்டைப் பிரித்துப் பஞ்சுபோன்ற செவுளைப் பிடுங்கி எறியுங்கள். அது விஷம் என்பது கட்டுக்கதை. ஆனால் நீரின் அழுக்கெல்லாம் வடிகட்டிய இடம், சாப்பிட ஒன்றுமில்லை.

அந்த மஞ்சள் குழம்பை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. காட்மியம் போன்ற உலோகங்களும் சில பாசி நச்சுகளும் சேர்வது அங்கேதான், வேகவைத்தாலும் போகாது. எப்போதாவது என்றால் சரி. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது. அதில் விட்டால் வாரம் முழுக்க வைத்திருக்கலாமா?

உப்புநீர்த் தொட்டியாக, காற்றுப் பம்பும் பழகிய ஃபில்டரும் ஓடிக்கொண்டிருந்தால் முடியும். சாதாரண உப்பைக் கரைத்த நீர் கடல்நீர் ஆகாது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் வேண்டும், அதற்கென விற்கிற கடல் உப்புக் கலவைதான் சரி. குழாய் நீரை ஒரு நாள் காற்றுப் பம்பு ஓடவிட்டால் குளோரின் போகும். சில ஊர்களில் குளோரமைன் கலப்பார்கள், அது அப்படிப் போகாது, அதற்குத் தனி மருந்து ஊற்ற வேண்டும். இத்தனையும் செய்து, தொட்டியிலிருக்கிற மீனையும் பறிகொடுத்து, ஒரு வேளை சமையலுக்காக நண்டை வளர்க்க வேண்டுமா? ஈரச் சாக்கு போதும்.

மிஞ்சியதை ஃபிரீசரில் வைக்கலாமா?

உயிரோடு அப்படியே ஃபிரீசரில் போட்டு விட்டுவிடுவதுதான் மோசமான வழி. மெதுவாக உறைகிற நேரத்திலும், பின்னால் உருகுகிற நேரத்திலும் செரிமான நொதிகள் சதையில் இறங்கும். உருக்கினால் கறுத்த மூட்டும் குழைந்த சதையுமாக இருக்கும்.

வேகவைத்து உறையவைப்பதுதான் சரி. வெந்ததும் ஐஸ் நீரில் போட்டு ஆறவைத்து, நீர் வடித்து, காற்றில்லாமல் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் மூன்று மாதம் வரை சுவை பெரிதாகக் கெடாது. உருக்குவது ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஓர் இரவு. பச்சையாகச் சுத்தம் செய்த நண்டை ஐஸ் மேல் வைத்து ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். சமைத்தது ஃபிரிட்ஜில் இரண்டு நாள், வெளியே இரண்டு மணி நேரம்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? ஓடு சிவந்தால் போதுமா?

போதாது. ஓட்டில் அஸ்டாசாந்தின் என்கிற செந்நிறமி ஒரு புரதத்தோடு பின்னிக்கொண்டு நீலமாகவும் பச்சையாகவும் காட்டுகிறது. சூட்டில் புரதம் பிரிந்ததும் சிவப்பு வெளிப்படும். அது ஓட்டில் நடப்பது, உள்ளே சதை வேகிற நேரம் அதைவிட அதிகம். கொதி வந்தபின் அரைக் கிலோ நண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஒரு கிலோவுக்கு இருபது நிமிடம் வரை. கொடுக்கின் கனமான இடத்தில் சதை கண்ணாடிபோல இல்லாமல் முழு வெள்ளையாக, ஓட்டிலிருந்து விட்டு வர வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 63 டிகிரி.

வயல் நண்டு, ஆற்று நண்டுக்கும் இதே முறைதானா?

ஈரம், காற்று, நிழல் எல்லாம் அதே. உப்பு மட்டும் வேண்டாம், சாதாரண நீரில் நனைத்த துணி போதும். நன்னீர் நண்டில் நுரையீரல் புழுவின் இளம் பருவம் இருக்கலாம். மனிதருக்குள் போனால் நுரையீரலில் குடியேறும், காசநோய் போலவே இருமலும் இரத்தமும் வரவழைக்கும். அரைவேக்காடு, ஊறுகாய் போட்டது, பச்சையாக இடித்துச் சாறு எடுப்பது எதுவும் கூடாது. நண்டு வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவும்வரை காய்கறிக்கு எடுக்காதீர்கள்.

பவளப்பாறையில் பிடித்த, பெயர் தெரியாத வண்ண நண்டு கிடைத்தால் எந்த முறையும் வேண்டாம். அவற்றில் சில இனங்களின் சதையிலேயே நரம்பை முடக்குகிற நச்சு இருக்கிறது. கொதித்தாலும் உறைந்தாலும் அது அழியாது.

நண்டு வைத்த ஃபிரிட்ஜில் கவிச்சி வாடை போகவில்லையே?

வாடை வருவது பெரும்பாலும் தட்டுக்கு அடியில், ரப்பர் பட்டையின் மடிப்பில், வடிகால் துளையில் காய்ந்த நீரிலிருந்து. வெதுவெதுப்பான சோப்பு நீரால் அந்த மூன்று இடத்தையும் துடைத்துவிட்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒருமுறை துடையுங்கள். கதவைப் பத்து நிமிடம் திறந்து வைத்து உலரவிட்டால் போய்விடும். சுற்றியிருந்த செய்தித்தாளையும் ஓடுகளையும் அன்றே வெளியேற்ற முடியாவிட்டால், பையில் கட்டி, குப்பை எடுக்க வருகிற நாள்வரை ஃபிரீசரில் போட்டு வையுங்கள்.